நடக்கும் பிணமும் ஓடும் பிணமும்

திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடையே நீண்ட காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. செத்தவர்கள் எழுந்து வந்து, உயிரோடு இருப்பவர்களைக் கடித்துத் தின்னும் படங்களை ஸொம்பிப் படங்கள் என்கிறோம். அவற்றில் வரும் பிணங்கள் மெல்ல நடந்து வந்தால் அதிகம் பயமா, விரட்டி ஓடி வந்தால் அதிகம் பயமா என்பதே அந்த வழக்கு. இலக்கியச் சஞ்சிகை ஒன்றில் எழுதுவதற்கு இதுவும் ஒரு விடயமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால், மனிதன் எதற்குப் பயப்படுகிறான் என்ற கேள்வி, அவன் எதை மதிக்கிறான் என்ற கேள்வியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. பிணத்தின் வேகம் பற்றிய இந்தப் பேச்சைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அடியில் கிடப்பது அவகாசம் பற்றிய ஒரு கேள்வி. அவகாசம் இருக்கும்போது மனிதன் என்ன செய்கிறான்? அவகாசம் இல்லாதபோது அவன் செய்தவற்றுக்கு அவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? இதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பிணம் எங்கிருந்து நடக்கத் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டி, பிரான்சின் ஆட்சியில் சான் டொமேங் என்ற பெயரோடு இருந்த காலத்தில், ஐரோப்பாவின் சீனித் தேவையில் பெரும் பங்கை நிறைவேற்றியது. ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அதன் கரும்புத் தோட்டங்களில் உழைத்துச் செத்தார்கள். 1791 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 இல் சுதந்திர நாடொன்றை அமைத்தார்கள். அந்த மண்ணின் நம்பிக்கையில் ஸொம்பி யாரையும் கடிப்பதில்லை. மந்திரவாதி ஒருவன் குழியிலிருந்து எழுப்பி, சுயநினைவை எடுத்துவிட்டு, வேலை வாங்கும் உடல் அது. ஹெயிட்டியின் குடியானவன் ஸொம்பியைக் கண்டு பயந்ததைவிட, தானே ஒரு ஸொம்பியாகி விடுவேனோ என்றே அதிகம் பயந்தான். வாழ்நாள் முழுவதும் பிறருக்காக உழைத்தவனுக்கு மௌத்து ஒன்றுதான் ஓய்வு. அதையும் பறித்துக்கொண்டு, செத்த பிறகும் வேலைக்கு அனுப்புவதென்றால் அதைவிடக் கொடுமை வேறென்ன?

1915 முதல் 1934 வரை ஹெயிட்டி அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கு போய்வந்த வில்லியம் ஸீபுரூக் 1929 இல் எழுதிய பயண நூல் ஒன்றே இந்த நம்பிக்கையை அமெரிக்க வாசகர்களிடையே பரவலாக்கியது. 1932 இல் 'வைட் ஸொம்பி' என்ற படம் வந்தது. அதில் ஒரு சீனி ஆலைக் காட்சி உண்டு. செத்தவர்கள் பெரியதொரு அரைவைப் பொறியைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் தடுமாறிப் பொறிக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. பொறி கிறீச்சிட்டபடி சுழல்கிறது. ஸொம்பியின் மெதுவான நடை எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தக் காட்சியை விடச் சிறந்த விளக்கம் இல்லையென்று நினைக்கிறேன். அது களைத்துப்போன கூலியாளின் நடை. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது சிலர் 'சோம்பி' என்றே எழுதிவிடுகிறார்கள். படிக்கச் சிரிப்பு வருகிறது. சோம்பலுக்கும் இந்த நடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓயாத உழைப்புத்தான் இந்தக் கால்களை இழுத்து நடக்க வைத்தது.

அந்த அடிமைப் பிணத்தை மனிதரைத் தின்னும் பிணமாக்கியவர் ஜோர்ஜ் ரொமேரோ. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில், ஏறத்தாழ 114,000 டொலர் செலவில், கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' 1968 ஒக்டோபரில் வெளியானது. ஸொம்பி என்ற சொல்லே அந்தப் படத்தில் இல்லை. பதிப்புரிமைக் குறிப்பு தவறிப்போனதால் அது பொதுச் சொத்தாகிவிட, யாரும் பிரதி எடுக்கலாம் என்ற நிலை வந்தது. உலகமெங்கும் அந்த நடை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். படத்தின் தொடக்கத்தில் மயானத்தில் வரும் முதற் பிணம் சற்று விரைவாகவே வருகிறது. கல்லொன்றை எடுத்துக் காரின் கண்ணாடியையும் உடைக்கிறது. ஆனால், மனதில் நிற்பது இரவில் அந்தத் தனி வீட்டை நோக்கிப் புல்வெளியில் ஆடி ஆடி வரும் கூட்டந்தான். அதன் பிறகு ஏறத்தாழ முப்பது வருடங்கள் பெரும்பாலான படங்களில் பிணங்கள் நடந்தே வந்தன. 1985 இல் வெளியான 'த ரிட்டர்ன் ஒஃப் த லிவிங் டெட்' போன்ற ஒன்றிரண்டில் மட்டும் ஓடின, பேசவும் செய்தன.

2002 இல் நிலைமை மாறியது. அலெக்ஸ் கார்லண்ட் எழுதி டானி பொய்ல் இயக்கிய '28 டேய்ஸ் லேட்டர்' என்ற பிரித்தானியப் படத்தில் வருபவர்கள் செத்தவர்கள் அல்லர். வெறியூட்டும் வைரஸ் தொற்றிய உயிருள்ள மனிதர்கள். தொற்றியவர் சில நொடிகளில் மாறிவிடுகிறார், பிறகு குதிரை வேகத்தில் ஓடி வருகிறார். 2004 இல் சக் ஸ்னைடர், ரொமேரோவின் இரண்டாவது ஸொம்பிப் படத்தை மீண்டும் எடுத்தபோது செத்தவர்களையே ஓட வைத்தார். அதே 2004 இல் வந்த 'ஷோன் ஒஃப் த டெட்' என்ற நகைச்சுவைப் படம் பழைய நடையையே வைத்துக்கொண்டது. அதன் நாயகனும் கதாசிரியர்களில் ஒருவருமான ஸைமன் பெக், 2008 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஓடும் பிணங்களோடு ஒரு தொடர் வந்தபோது, கார்டியன் பத்திரிகையில் நடக்கும் பிணங்களுக்காக வாதாடிக் கட்டுரையே எழுதினார். மெதுவாக வருவதும் தவிர்க்க முடியாததும்தான் மரணத்தின் இயல்பு, அதை விளையாட்டு வீரனாக்கிவிட்டால் பொருள் கெட்டுவிடும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

என் சகோதரியின் மகன் இந்த வழக்கில் எதிர்த் தரப்பு. "மாமா, அதுகள் நடந்து வந்தா நாமளும் நடந்தே தப்பலாம்தானே? பிறகென்ன பயம்? ஓடி வந்தாத்தான் யோசிக்க நேரமிருக்காது" என்று அவர் ஒருநாள் சொன்னார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. 2004 ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தாதி ஒருத்தி காலையில் கண்விழிக்கிறாள். படுக்கையறை வாசலில் அயல்வீட்டுச் சிறுமி நிற்கிறாள். சில நிமிடங்களுக்குள் கணவன் கழுத்தில் கடிபட்டுச் செத்து, எழுந்து, அவளையே விரட்டுகிறான். அவள் குளியலறை ஜன்னலால் தப்புகிறாள். பார்ப்பவருக்கு மூச்சுவிட இடமில்லை. உடம்பு பயப்படும் பயம் அது. நாய் துரத்தினால், வாகனம் மோத வந்தால் வருகிற பயத்தின் இனம். அந்தக் கணக்கில் ஓடும் பிணமே வெல்லும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால், மருமகன் சொன்ன வாசகத்தின் பிற்பாதியிலேயே என் மறுமொழியும் இருக்கிறது. யோசிக்க நேரமில்லாத இடத்தில் பயம் வெகுநேரம் தங்காது. ஓடு, அல்லது சாவு. இரண்டில் எது நடந்தாலும் பயம் முடிந்தது. நடந்து வருவது அப்படியல்ல. அது யோசிக்க விடுகிறது. அந்த அவகாசத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விடயம்.

இவ்விடத்தில் அரிஸ்டோட்டில் நினைவுக்கு வருகிறார். சொற்கலை பற்றிய நூலின் இரண்டாம் பகுதியில் அவர் பயத்தை விளக்குகிறார். அருகில் வந்துவிட்டதாகத் தோன்றும் தீங்கையே மனிதர் அஞ்சுகின்றனர்; தூரத்திலுள்ளதை அஞ்சுவதில்லை. எல்லோருக்கும் தாம் சாவோம் என்பது தெரியும், எனினும் அது அண்மையில் இல்லையென்பதால் பொருட்படுத்துவதில்லை என்பது அவர் தரும் உதாரணம். இதை வைத்துப் பார்த்தால் ஓடும் பிணம் அரிஸ்டோட்டிலின் விளக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நடக்கும் பிணமோ அந்த விளக்கத்தைச் சங்கடப்படுத்துகிறது. அது தூரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது. நாளை, மறுநாள் என்று நாம் தள்ளிவைத்திருக்கும் மரணத்துக்கு ஓர் உருவமும் கால்களும் கொடுத்து, புல்வெளியின் மறுகோடியில் நிறுத்திவிட்டால் எப்படியிருக்கும்? பொருட்படுத்தாமல் இருக்கவும் முடியாது, பதறி ஓடவும் தேவையில்லை. அது வந்துகொண்டேயிருக்கும். நீங்கள் உறங்கினாலும் அது உறங்காது. பெக் சொன்னது இந்த அளவில் சரி. ஆனால், அவர் மரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்; நான் இன்னும் கொஞ்சம் தூரம் போக விரும்புகிறேன்.

1968 ஆம் ஆண்டுப் படத்தில் அந்த வீட்டுக்குள் ஏழு பேர் அடைபட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் சாகிறார்கள். எப்படிச் சாகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். டொம், ஜூடி என்ற இளம் சோடி பெற்றோல் எடுக்கப் போன இடத்தில், சிந்திய பெற்றோலில் தீப்பந்தம் பட்டு லொறியோடு எரிந்துபோகிறார்கள். ஹரி கூப்பர், தன்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த பென்னின் துவக்குச் சூட்டில் விழுகிறான். கூப்பரின் மகள் முன்பே கடிபட்டிருந்தவள். நிலவறையில் செத்து எழுந்து தன் தாயைக் கொல்கிறாள். பார்பரா மட்டுமே கூட்டத்தால் வெளியே இழுத்துச் செல்லப்படுகிறாள். இழுக்கும் கைகளுள் ஒன்று அவளுடைய சகோதரனுடையது. கடைசியில் மிஞ்சும் பென், காலையில் உதவிக்கு வந்த மனிதர்களாலேயே சுடப்படுகிறான். ஏழு பேரில் வெளியே நின்ற கூட்டம் நேரடியாகப் பிடித்துச் சென்றது ஒருத்தியை மட்டுந்தான்.

அந்த வீட்டில் அவர்களுக்கு நேரம் இருந்தது. ஓர் இரவு முழுவதும் இருந்தது. மேலே இருப்பதா, நிலவறைக்குள் இறங்குவதா என்று பென்னும் கூப்பரும் தர்க்கிக்கிறார்கள். யார் சொல்வது சரி என்பதைவிட யார் தலைவன் என்பதே தர்க்கத்தின் பொருளாகிவிடுகிறது. கூப்பர் கோழை, சுயநலக்காரன். எனவே அவன் சொல்வது பிழை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், முடிவில் பென் உயிர் தப்புவது கூப்பர் சொன்ன அதே நிலவறைக்குள் இறங்கித்தான். ஓடும் பிணங்கள் வந்திருந்தால் அந்தத் தர்க்கத்துக்கே இடமிருந்திருக்காது. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். நாமும் பாவம் மனிதர்கள், என்ன செய்வார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம். மெல்ல நடந்து வந்த பிணங்கள் அந்தச் சாட்டை நமக்குத் தரவில்லை.

ரொமேரோவின் இரண்டாவது ஸொம்பிப் படமான 'டோன் ஒஃப் த டெட்' 1978 இல் வந்தது. பென்சில்வேனியாவின் மொன்ரோவில் என்ற இடத்திலுள்ள உண்மையான கடைத்தொகுதி ஒன்றில், இரவில் கடைகள் பூட்டிய பிறகு எடுத்த படம். நான்கு பேர் அந்தக் கடைத்தொகுதிக்குள் தஞ்சம் புகுகிறார்கள். இங்கு பிணங்கள் இன்னும் மெதுவானவை. பார்க்கப் பரிதாபமாகவும் இருக்கின்றன. அவற்றின் உடைகளைக் கவனிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. ஒருத்தி தாதியாக இருந்தவள். ஒருவன் ஹரே கிருஷ்ணா பக்தன். உயிரோடிருந்தபோது வந்து பழகிய இடம் என்பதால் கால்கள் இங்கேயே வருகின்றன போலும் என்று படத்தில் ஒருவன் ஊகிக்கிறான். ரொஜர் என்ற படைவீரன் இவற்றின் மெத்தனத்தைக் கண்டு துணிச்சல் கொள்கிறான். வாசல்களை லொறிகளால் அடைக்கும் வேலையில் விளையாட்டுப் புத்தி தலைக்கேற, கடிபடுகிறான். பின்னர் மோட்டார் சைக்கிள் கொள்ளையர் புகுந்து, பிணங்களின் முகத்தில் கிறீம் பூசிக் கேலி செய்கிறார்கள். நால்வரில் ஒருவனான ஸ்டீவன், தாங்கள் கைப்பற்றிய கடைகள் தங்களுடையவை என்ற எண்ணத்தில் கொள்ளையர் மீது சுடத் தொடங்க, ஒளிந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய இடத்தில் எல்லாம் நாசமாகிறது. அவர்கள் தங்களுடையதென்று எண்ணியவை, பணத்துக்கு மதிப்பே இல்லாமற்போன உலகத்தில் பூட்டிய கடைகளிலிருந்த ரோமக் கோட்டுகளும் கைக்கடிகாரங்களும்.

மெதுவான ஆபத்து மனிதனை இரண்டு வகையில் கெடுக்கிறது என்பதை இந்த இரண்டு படங்களும் காட்டுகின்றன. ஒன்று, பக்கத்திலிருப்பவனோடு சண்டை பிடிக்க நேரம் கொடுக்கிறது. மற்றது, ஆபத்தே இல்லையென்று எண்ண வைக்கிறது. தனித்து வரும் ஒரு பிணத்தைச் சிறுபிள்ளையும் தள்ளிவிட்டுப் போகலாம். ஆகவே எவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஓராயிரம் சேர்ந்து கதவில் சாய்ந்த பிறகு, முதலாவது பிணம் வந்தபோதே கதவை அடைத்திருக்கலாமே என்று தோன்றும். உலகில் மெல்ல வரும் கேடுகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. திடீர் வெள்ளத்துக்கு ஊரே ஓடி உதவும். ஆண்டுக்கு ஒரு விரற்கடை வீதம் கரையை அரிக்கும் கடலுக்கு யார் ஓடுவார்?

ஓடும் பிணத்தின் பக்கத்துக்கு இப்போது வருவோம். வேகம் மனிதனின் பொறுப்பைக் குறைக்கிறது என்று சொல்வது நியாயமா? இதற்கு ஓர் ஆய்வு உதவுகிறது. ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் நகரில் கிறிஸ்தவ மதகுருமாராகப் பயிலும் மாணவர் 40 பேரை வைத்து நடத்தி, 1973 இல் வெளியிட்டது. மாணவர்கள் ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொரு கட்டிடத்துக்குப் போய் உரையாற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் உதவிய பைபிள் கதை. போகும் வழியில் ஒருவன் வாசலில் சுருண்டு, இருமி முனகிக்கொண்டிருக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினார்கள். நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 45 பேர். பிந்திவிட்டீர் என்று விரட்டப்பட்டவர்களில் 10 பேர் மட்டுமே. எதைப்பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை, அவசரம் உண்டாக்கியது.

இந்த ஆய்வை எல்லோரும் அவசரத்தின் கேட்டுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவார்கள். நான் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். அவசரமே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 37 பேர் கடந்து போயிருக்கிறார்கள். பிந்திவிட்டவனுக்கு ஒரு சாட்டு உண்டு. இவர்களுக்கு என்ன சாட்டு? முனகலைக் கேட்டார்கள், நேரமும் இருந்தது, போனார்கள். நடக்கும் பிணத்தின் பயங்கரம் எனக்கு இந்த 37 பேரின் பக்கத்திலேயே தெரிகிறது.

அவசரத்தில் செய்ததற்கும் ஆறுதலில் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஓடும் பிணங்களின் படமொன்றே நன்றாகக் காட்டியிருக்கிறது. 2007 இல் வந்த '28 வீக்ஸ் லேட்டர்' படத்தின் தொடக்கத்தில், கிராமத்து வீடொன்றில் ஒளிந்திருப்பவர்கள் மீது வெறியர்கள் பாய்கிறார்கள். டொன் என்பவன் தன் மனைவி சிக்கிக்கொண்டதைக் கண்டும் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலால் குதித்து ஓடுகிறான். அவள் மேல்மாடி ஜன்னலில் நின்று அவனைக் கூப்பிடுகிறாள். அவன் ஓடுகிறான். அவனைக் கண்டிக்க நமக்கு வாய் வருவதில்லை. அந்த நொடியில் நாம் என்ன செய்திருப்போம் என்று நமக்கே நிச்சயமில்லை. ஆனால், மாதங்கள் கழிந்து, லண்டனில் பாதுகாப்பான வீட்டில், தன் பிள்ளைகளுக்கு முன்னால் அமர்ந்து, தாய் சாவதைத் தான் கண்டதாகவும் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் அவன் சொல்கிறான். அப்போது யாரும் அவனைத் துரத்தவில்லை. அந்தப் பொய்க்கு நேரம் இருந்தது. பின்னர் தாய் உயிரோடு கண்டுபிடிக்கப்படும்போது பிள்ளைகளின் முகத்தில் எழும் கேள்வி, அவன் ஓடியதைப் பற்றியதல்ல. அவன் சொன்னதைப் பற்றியது. ஓட்டத்தை மன்னிக்கலாம். உட்கார்ந்து சொன்ன பொய்யை எப்படி மன்னிப்பது?

தென்கொரியாவின் யோன் சாங்-ஹோ 2016 இல் இயக்கிய 'ட்ரெயின் டு பூசான்' இதையே வேறொரு விதமாகக் காட்டுகிறது. சோலிலிருந்து பூசானுக்குப் போகும் விரைவு ரயிலில் தொற்றுப் பரவுகிறது. இங்கும் பிணங்கள் வெறிகொண்டு ஓடுபவை. ஆனால், பெட்டிகளுக்கு இடையில் கண்ணாடிக் கதவுகள் உண்டு. கதவைத் திறக்க அவற்றுக்குத் தெரியாது. கண்ணாடியில் ஈரக் காகிதத்தை ஒட்டிப் பார்வையை மறைத்துவிட்டால் அமைதியாகிவிடுகின்றன. ஆகவே கதவுக்கு இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. சிலர் பெட்டி பெட்டியாகச் சண்டையிட்டுக்கொண்டு, உயிர் தப்பியவர்கள் இருக்கும் பெட்டிக்கு வந்துசேர்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள், கம்பனி அதிகாரி ஒருவனின் தூண்டுதலில் கதவை இழுத்துப் பிடித்து அடைக்கிறார்கள். அந்தத் தாமதத்தில் வெளியே நின்று பிணங்களைத் தடுத்துக்கொண்டிருந்த ஒருவன், கருவுற்ற மனைவியை விட்டுச் சாகிறான். ஒருவாறு உள்ளே வந்தவர்களையும், தொற்று இருக்கலாம் என்று சொல்லி அப்பால் தள்ளிக் கதவைக் கட்டிவிடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, கண்ணாடிக்கு மறுபுறத்தில் பிணமாக நிற்கும் தன் சகோதரியைப் பார்க்கிறாள். இந்தப் பக்கத்தில் இருக்கும் மனிதர்களையும் பார்க்கிறாள். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். பெட்டியே அழிகிறது. தள்ளிவைக்கப்பட்டவர்கள் தப்புகிறார்கள்.

அந்தக் கிழவி செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அவளுடைய கை கதவுக்குப் போவதைப் பார்க்கும்போது, படத்தில் வேறெந்த இடத்திலும் வராத ஒரு நடுக்கம் எனக்கு வந்தது. ஓடும் பிணங்களின் படத்திலும் உண்மையான பயங்கரம் அசையாமல் நிற்கும் கண்ணாடிக் கதவில்தான் இருக்கிறது. வேகம் நின்று மனிதர்கள் தீர்மானிக்கத் தொடங்கும் இடமே இரண்டு வகைப் படங்களிலும் நம்மை நடுங்க வைக்கிறது. அந்த இடத்தை ஓடும் பிணம் கதவு வைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. நடக்கும் பிணம் தன் நடையாலேயே உண்டாக்கிவிடுகிறது.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் பலவற்றில், ஆயுதம் ஏந்திய ஒருவர் எதிரே நிற்கும் உருவத்தைப் பார்த்து, இது மனிதனா பிணமா என்று தீர்மானிக்கும் கணம் ஒன்று வருகிறது. மூன்று படங்களின் மூன்று கணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, 1968. விடிந்துவிட்டது. துவக்குகளோடும் நாய்களோடும் ஊர்க்கூட்டம் வயல்வெளியில் வருகிறது. பிணங்கள் மெதுவானவை என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். வேட்டைக்கு வந்தவர்கள் போல் கோப்பி குடித்துக்கொண்டு வருகிறார்கள். பென் ஜன்னலுக்கு வருகிறான். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கையை உயர்த்து என்று சொல்லியிருக்கலாம். எந்த அவசரமும் இல்லை. ஜன்னலில் அசைந்தது ஒரு தலை, தலையில் சுட வேண்டும் என்பது விதி, சுட்டார்கள். பென் பாத்திரத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். சுட்டவர்கள் வெள்ளையர். அவர் நன்றாக நடித்தார் என்பதற்காகவே தெரிவுசெய்ததாக ரொமேரோ பின்னாளில் சொல்லிவந்தார். ஆனால், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட வருடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அவன் உடலைக் கொக்கிகளால் இழுத்துச் செல்வதை அசையாத புகைப்படங்களாகக் காட்டிப் படம் முடிகிறது.

இரண்டாவது, 2002. செலீனா என்ற பெண் தொடக்கத்தில், தொற்றுப்பட்ட தன் கூட்டாளியை ஒரு நொடியும் தாமதியாமல் வெட்டிக் கொல்கிறாள். ஜிம்மிடமும், உனக்குத் தொற்றினாலும் ஓர் இதயத் துடிப்புக்குள் கொன்றுவிடுவேன் என்ற கருத்தில் பேசுகிறாள். முடிவில், இருட்டில், உடம்பெல்லாம் இரத்தத்தோடு, ஒருவனைக் கொடூரமாகக் கொன்றுவிட்டு நிற்கும் ஜிம்மைக் காண்கிறாள். வெறியனுக்கும் அவனுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கத்தி ஓங்கப்படுகிறது, ஆனால் இறங்கவில்லை. அவள் தாமதிக்கிறாள். ஓர் இதயத் துடிப்பைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாய் என்று அவன் சொல்கிறான். வேகமே உயிர் காக்கும் என்று கற்பித்த படம், தாமதமே உயிர் காத்ததாக முடிகிறது.

மூன்றாவது, 2016. கருவுற்ற பெண்ணும் தகப்பனை இழந்த சிறுமியும் இருண்ட சுரங்கத்துக்குள் நடந்து வருகிறார்கள். மறுமுனையில் படைவீரர்கள் குறிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வருவது யாரென்று தெரியவில்லை. சுடும்படி கட்டளையும் வருகிறது. அப்போது சிறுமி, தகப்பனுக்குப் பாடிக்காட்டுவதற்காகப் பழகியிருந்த பாட்டை அழுதபடி பாடுகிறாள். பாட்டு சுரங்கத்தில் எதிரொலிக்கிறது. துவக்கு தாழ்கிறது.

இரண்டு படங்களின் ஓடும் பிணங்கள் மனிதரிடமிருந்து நேரத்தைப் பறித்தன. அப்படிப் பறிபோன இடத்திலும் ஒரு நொடியைத் தேடி எடுத்து, எதிரே நிற்பது யாரென்று பார்த்த கண்களும் கேட்ட காதுகளும் இருந்தன. நடக்கும் பிணங்களின் படத்தில் ஒரு முழு விடியற்காலையே கையிலிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. எது அதிகம் பயங்கரம் என்று என்னைக் கேட்டால், நான் இரண்டாவதையே சொல்வேன். வேகமாக வருவது மனிதனின் பலவீனத்தைக் காட்டுகிறது. பலவீனம் இரங்கத்தக்கது. மெதுவாக வருவது அவன் தெரிவுசெய்ததைக் காட்டிவிடுகிறது.

மேக்ஸ் புரூக்ஸ் 2006 இல் எழுதிய 'வேர்ல்ட் வோர் ஸீ' நாவலில் பிணங்கள் நடக்கின்றன. 2013 இல் அதைப் படமாக்கியபோது அவை எறும்புக் கூட்டம் போல் ஒன்றன்மேல் ஒன்றேறி ஜெரூசலம் மதிலைத் தாண்டிப் பாய்ந்தன. அந்தக் குவியலில் எவருக்கும் முகமில்லை. எண்ணிக்கை மட்டுமே இருந்தது. 2025 இல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' படத்தில் ஊர்ந்து செல்பவையும் பாய்ந்து வருபவையும் சேர்ந்தே வருகின்றன. ஆக, வழக்கு இன்னும் தீரவில்லை. படம் எடுப்பவர்கள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தீராமல் இருப்பதும் நல்லதுதான்.

என்னைப் பொறுத்தவரை, ஓடி வரும் பிணத்தின் படம் முடிந்ததும் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நித்திரைக்குப் போய்விடலாம். நடந்து வரும் பிணத்தின் படம் அப்படி விடுவதில்லை. பார்பராவின் சகோதரன் வாசலில் வந்து நின்றபோது அவன் முகத்தை அவள் அடையாளம் கண்டாள். கண்டுகொள்ள அவளுக்கு நேரம் இருந்தது. பென் ஜன்னலில் வந்து நின்றபோது அவன் முகத்தைப் பார்க்கவும் வெளியே நின்றவர்களுக்கு நேரம் இருந்தது.